அம்னீசியா: எ மெஷின் ஃபார் பிக்ஸ் – ஒரு மதிப்பீடு

அம்னீசியா: எ மெஷின் ஃபார் பிக்ஸ் 2013 செப்டம்பர் 10 அன்று வெளியான திகில் கணினி விளையாட்டு. 2010 இல் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்ட அம்னீசியா: த டார்க் டிசென்ட் விளையாட்டின் அடுத்த பாகம் இது. முதல் பாகத்தை உருவாக்கியது சுவீடன் நாட்டின் ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் நிறுவனம். இரண்டாம் பாகத்தை இங்கிலாந்தின் த சைனீஸ் ரூம் நிறுவனம் உருவாக்கியது, ஃப்ரிக்ஷனல் அதை வெளியிட்டது. கதை, மாந்தர், இடம் மூன்றிலும் இரண்டும் வேறு வேறு. பெயரும், நினைவிழந்து கண்விழிக்கும் நாயகனும், இருட்டும், கதையின் பின்னால் இருக்கும் மாயக்கல்லும்தான் பொதுவானவை.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தை எட்டவில்லை என்பது அது வெளியான நாட்களிலேயே உருவான கருத்து. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் முதல் பாகத்துக்கு 85, இரண்டாம் பாகத்துக்கு 72. எட்டவில்லை என்று சொல்வது எளிது. எங்கே எட்டவில்லை என்று சொல்வதுதான் கடினம், ஏனென்றால் எழுத்திலும் இசையிலும் இரண்டாம் பாகமே மேலானது. திகில் விளையாட்டு ஒன்று முன்னதைவிட நன்றாக எழுதப்பட்டும் முன்னதைவிடக் குறைவாகவே பயமுறுத்துகிறது. பயம் எதிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதல் பாகம்: எண்ணெயின் கணக்கு

டார்க் டிசென்ட் 1839 ஆகஸ்டில் பிரஷ்யாவின் பிரென்னன்பர்க் கோட்டையில் நடக்கிறது. டேனியல் என்ற லண்டன் இளைஞன் தரையில் கிடந்து விழித்தெழுகிறான். பெயரைத் தவிரப் பெரிதாக எதுவும் நினைவில் இல்லை. சற்றுத் தூரத்தில் ஒரு கடிதம் கிடைக்கிறது. அவனே அவனுக்கு எழுதியது. நினைவை அழிக்கும் மருந்தைத் தானே குடித்ததாகவும், கோட்டையின் அடியாழத்தில் இருக்கும் அலெக்சாண்டர் என்ற கிழவனைக் கொல்ல வேண்டும் என்றும், தன்னை ஒரு நிழல் துரத்துகிறது என்றும் அதில் எழுதியிருக்கிறான்.

டேனியலிடம் ஆயுதம் கிடையாது, கடைசிவரை கிடைப்பதும் இல்லை. கையில் ஒரு லாந்தர் விளக்கு, அதற்கு எண்ணெய். வழியில் மெழுகுவத்திகளையும் சுவர் விளக்குகளையும் ஏற்றச் சிக்கிமுக்கிப் பெட்டிகள். இரண்டும் மேசை இழுப்பறைகளிலும் அலமாரிகளிலும் ஒன்றிரண்டாகத்தான் கிடைக்கும். காயத்தை ஆற்ற லாடனம் என்னும் அபின் கரைசல் எப்போதாவது ஒரு புட்டி. இவை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஒரு பை. அதைத் திறந்தால் டேனியலின் உடல்நிலையும் சித்தநிலையும் தெரியும்.

விளையாட்டின் உயிர் இந்தச் சித்தநிலையில் இருக்கிறது. இருட்டில் நின்றால் டேனியலின் சித்தம் கலங்கத் தொடங்கும். பார்வை நெளியும், பல்லைக் கடிக்கும் ஓசை கேட்கும், திரையின் மேல் பூச்சிகள் ஊர்வது போலத் தோன்றும். வெளிச்சத்தில் நின்றால் கலக்கம் நிற்கும், ஆனால் கோட்டையில் திரியும் உருவங்களின் கண்ணில் படுவான். இருட்டில் ஒளிந்தால் உயிர் தப்பும், சித்தம் போகும். விளக்கை ஏற்றினால் சித்தம் நிற்கும், எண்ணெய் போகும், சிலசமயம் உயிரும் போகும். துரத்துவது எது என்று திரும்பிப் பார்த்தாலும் சித்தம் குறையும். அதனால் விளையாடுபவர் சுவரைப் பார்த்தபடி மூலையில் குந்தியிருப்பார், பின்னால் காலடி நெருங்கும். அந்த உருவங்கள் அருகில் போய் நிதானமாகப் பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரமானவை அல்ல. தாடை பிளந்த, கட்டுகள் சுற்றிய பொம்மைகள் போலத்தான் இருக்கும். நிதானமாகப் பார்க்க விளையாட்டு விடுவதில்லை என்பதே அவற்றின் வலிமை.

திகிலின் இந்த விதி தமிழ் வாசகருக்குப் புதியது அல்ல. நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி இருக்கிறது. அங்கிருந்து மலைக்கு ஒரு சாலை ஏறுகிறது. அந்த மலைக்குரியது கொல்லிப்பாவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய சங்கத் தொகைநூல்களில் இந்தப் பாவை பெரும்பாலும் பெண்ணின் அழகுக்கு உவமையாக வருகிறது. மலைக்கு வரும் அசுரரின் வரவை உணர்ந்ததும் சிரித்து மயக்கிக் கொல்லும்படி செய்துவைக்கப்பட்ட பொறி அது என்பது பின்னர் வழங்கிய கதை. மலைமேல் இருக்கும் எட்டுக்கை அம்மனை இந்தப் பாவையோடு இணைத்துச் சொல்வதும் உண்டு. கொல்லிப்பாவைக்குக் கோரைப்பல் இல்லை, அது அழகான உருவம். அச்சம் அந்த உருவத்தில் இல்லை, அது எப்போது சிரிக்கும் என்ற விதியில் இருக்கிறது. அந்த விதியை அறிந்தவனுக்குத் தன் காலடியும் மூச்சும்தான் ஆபத்து. முள்ளுக்குறிச்சிப் பக்கத்து மலைப்பாதையில் இரவில் நடக்கும் ஒருவருக்குக் கையிலிருக்கும் டார்ச்சு மங்கினால் ஏற்படும் உணர்வும் இதே வகைதான். இருட்டு முன்பும் அதே இருட்டுதான். மீதி பேட்டரிக்கு எத்தனை வளைவு என்று மனம் எண்ணத் தொடங்கியதும் அது வேறு இருட்டாகிவிடுகிறது.

டார்க் டிசென்ட் இந்த எண்ணிக்கையை விளையாடுபவரின் கையில் கொடுத்தது. அதன் புகழ்பெற்ற பகுதி ஒன்றில் நிலவறை முழுதும் தண்ணீர் நிற்கிறது. தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அது ஓடி வரும்போது தண்ணீர் தெறிப்பது மட்டும் தெரியும். பெட்டிகளின் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். போக முடியாத இடத்தில், கிடக்கும் சதைத் துண்டைத் தூர எறிந்து அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு ஓட வேண்டும். கதவைத் திறப்பதுகூட ஒரு பொத்தானை அழுத்தும் வேலை இல்லை. மவுசைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது தள்ள வேண்டும். பதற்றத்தில் இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டே செத்துப்போனவர்கள் ஏராளம். அவர்கள் அலறுவதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டவர்களால் இந்த விளையாட்டு மேலும் பரவியது. பியூடைபை என்ற பெயரில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சுவீடன் இளைஞர் தொடக்கத்தில் பார்வையாளர்களைச் சேர்த்தது பெரிதும் இந்த விளையாட்டை வைத்துத்தான்.

கதையும் இந்தக் கைவேலையோடு பிணைந்தது. துரத்தும் நிழலை விலக்க ஒரு திரவம் தேவை. அது மனிதர்களைச் சித்திரவதை செய்து வடிப்பது. அப்பாவிகளைக் கட்டிவைத்துத் துன்புறுத்தியவர்களில் டேனியலும் ஒருவன் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. அவன் நினைவை அழித்துக்கொண்டது பயத்தால் அல்ல, வெட்கத்தால். இவ்வளவு நேரம் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி யாருடைய உயிரைக் காப்பாற்றினோம் என்பது அப்போதுதான் விளையாடுபவருக்குப் புரிகிறது. முடிவில் மூன்று வழிகள் இருக்கின்றன, எதை எடுப்பது என்பது அவர் கையில்.

கைமாறிய பொறுப்பு

டார்க் டிசென்டின் வெற்றிக்குப் பின் ஃப்ரிக்ஷனல் நிறுவனத்தார் வேறொரு புதிய படைப்பில் இறங்கினார்கள். 2015 இல் வந்த சோமாதான் அது. அம்னீசியா என்ற பெயரில் ஒரு சிறிய, சோதனை முயற்சியான விளையாட்டைச் செய்து தரும்படி த சைனீஸ் ரூம் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2012 ஹாலோவீனுக்கு வரும் என்று சொல்லப்பட்டது, வேலை வளர்ந்து 2013 செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

த சைனீஸ் ரூமின் டான் பிஞ்ச்பெக் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். ஹாஃப் லைஃப் 2 விளையாட்டின் மேல் ஒரு ஆய்வு முயற்சியாக அவர் 2008 இல் உருவாக்கியது டியர் எஸ்தர். 2012 இல் அது தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. ஆளற்ற ஒரு தீவில் நடந்துகொண்டே ஒரு குரல் வாசிக்கும் கடிதத் துணுக்குகளைக் கேட்பதுதான் அதில் வேலை. சுடுவது, சேர்ப்பது, தீர்ப்பது எதுவும் இல்லை. ‘நடக்கும் விளையாட்டு’ என்று கேலியாகவும் பிறகு மரியாதையாகவும் அழைக்கப்பட்ட வகையின் முன்னோடி அது. இவரிடம் அம்னீசியாவைக் கொடுத்தால் என்ன வரும் என்பதை முன்பே ஊகித்திருக்கலாம்.

கதையின் பெருமை

1899 டிசம்பர் 31, லண்டன். பெரும் இறைச்சி ஆலையின் முதலாளியான ஆஸ்வால்ட் மாண்டஸ் தன் மாளிகையில் கம்பிக்கூண்டு போட்ட கட்டிலில் கண்விழிக்கிறார். அண்மைக் காலத்து நினைவு எதுவும் இல்லை. எட்வின், ஈனாக் என்ற இரண்டு மகன்களின் குரல்கள் தூரத்திலிருந்து அப்பா அப்பா என்று கூப்பிடுகின்றன. தொலைபேசி மணி அடிக்கிறது. மறுமுனையில் ஒருவர், பிள்ளைகள் கீழே இயந்திரத்துக்குள் சிக்கியிருக்கிறார்கள் என்றும், யாரோ அதைப் பழுதாக்கிவிட்டார்கள் என்றும், அதை மீண்டும் ஓடவைத்தால்தான் அவர்களை அடைய முடியும் என்றும் சொல்கிறார். மாண்டஸ் இறங்குகிறார். மாளிகைக்கு அடியில் ஆலை, ஆலைக்கு அடியில் கொதிகலன்கள், அதற்கும் அடியில் நகரத்தின் அளவுக்கு ஓர் இயந்திரம்.

இறங்க இறங்க உண்மை தெரிகிறது. தொலைபேசியில் பேசியது அந்த இயந்திரமே. அதைப் பழுதாக்கியது நினைவிழப்பதற்கு முன்பிருந்த மாண்டஸ். மெக்சிகோவின் பழைய கோயில் ஒன்றில் மாயக்கல்லின் வழியாக அவர் வரப்போகும் நூற்றாண்டைக் கண்டிருக்கிறார். முதல் உலகப்போரில், பிரான்சின் சோம் போர்க்களத்தில் தன் இரு மகன்களும் சேற்றில் சாவதைப் பார்த்திருக்கிறார். அந்தச் சாவிலிருந்து அவர்களைக் காப்பாற்ற அங்கேயே, தன் கையாலேயே அவர்களைக் கொன்றிருக்கிறார். பிறகு லண்டன் திரும்பி, அந்த நூற்றாண்டு வராமல் தடுக்க, மனிதர்களைப் பலிகொடுக்கும் இயந்திரத்தைக் கட்டியிருக்கிறார். ஏழைகளையும் அனாதைகளையும் பன்றியும் மனிதனுமாகக் கலந்து வேலையாட்களாக்கியிருக்கிறார்.

இதன் கனத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. தொழிற்புரட்சி கால லண்டனின் செல்வம் யாருடைய உடலிலிருந்து வந்தது என்பதை இவ்வளவு நேராகக் கேட்ட விளையாட்டுகள் மிகக் குறைவு. குழந்தைகளைக் கொன்ற தகப்பன் குழந்தைகளின் குரலைத் தேடி இறங்குவது பழைய துன்பியல் நாடகங்களின் தரத்தில் உள்ள கற்பனை. ஜெசிகா கறியின் இசை சரணத்துக்கும் அலறலுக்கும் நடுவே நிற்கிறது. பல இடங்களில் காட்சி செய்யத் தவறியதை அந்த இசையே செய்துவிடுகிறது. கடைசியில், வரப்போகும் நூற்றாண்டின் படுகொலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, என் வேலை கொடுமை என்றால் இவை என்ன என்று இயந்திரம் வாதாடும் பகுதி இந்த வகை விளையாட்டுகளில் எழுதப்பட்ட மிகச் சிறந்த உரைகளில் ஒன்று. மாண்டஸ் அதன் இதயத்தில் தன்னையே பலியிட்டு அதை நிறுத்துகிறார். மேலே நகரத்தில் புதிய நூற்றாண்டு பிறக்கிறது.

நீக்கப்பட்டவை

இந்தக் கதைக்காக முதல் பாகத்தின் கருவிகள் ஏறக்குறைய முழுவதும் கழற்றப்பட்டன. சித்தநிலை இல்லை. எண்ணெய் இல்லை, மாண்டஸின் கையில் இருப்பது தீராத மின்விளக்கு. சிக்கிமுக்கிப் பெட்டி இல்லை. பை இல்லை. காயம் தானாக ஆறும். இழுப்பறைகளும் அலமாரிகளும் பெரும்பாலும் திறக்காத ஓவியங்கள், திறந்தாலும் உள்ளே எடுக்க ஒன்றும் கிடையாது. தீர்க்க வேண்டிய புதிர்கள் ஒரு வால்வைத் திருகுவது, ஒரு நெம்புகோலை இழுப்பது, கிடக்கும் உருகியை எடுத்து அருகில் இருக்கும் பெட்டியில் சொருகுவது என்ற அளவில் நின்றுவிடுகின்றன. முதல் பாகம் எட்டு மணி நேரம் போல நீளும். இது ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் குறை நீளத்தில் இல்லை.

கழற்றுவது தவறு என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஃப்ரிக்ஷனல் நிறுவனமே கழற்றித்தான் வளர்ந்தது. அவர்களின் முதல் வெளியீடான பெனம்ப்ரா: ஓவர்ச்சர் (2007) விளையாட்டில் சுத்தியலும் பிக்காசும் ஆயுதங்களாக இருந்தன. சுரங்கத்தில் வரும் வெறிநாய்களை விளையாடுபவர்கள் தட்டுத்தடுமாறி அடித்துக் கொன்றார்கள், பயம் எரிச்சலாக மாறியது. அடுத்த ஆண்டு வந்த பெனம்ப்ரா: பிளாக் பிளேக் ஆயுதத்தை எடுத்துவிட்டது. பயம் திரும்பியது. டார்க் டிசென்ட் அந்தப் பாடத்தின் மேல் கட்டப்பட்டது. ஆயுதத்தை எடுத்தபோது விளையாடுபவரின் கவலை கூடியது, ஏனென்றால் ஓட வேண்டுமா, ஒளிய வேண்டுமா, விளக்கை அணைக்க வேண்டுமா என்ற முடிவுகள் அவர் மேல் விழுந்தன. எண்ணெயை எடுத்தபோது அந்த முடிவுகளும் உடன் போய்விட்டன. மெஷின் ஃபார் பிக்ஸில் இருட்டில் நிற்பதால் ஒன்றும் ஆவதில்லை. விளக்கை எரியவிடுவதாலும் ஒன்றும் தீர்ந்துபோவதில்லை. ஓர் அறையை இருட்டாக வைத்திருப்பது இப்போது வெறும் அலங்காரம்.

மின்விளக்கில் ஒரு புதுமை உண்டு. எதிரி அருகில் வந்தால் அது மினுக்கும். முதல் சில தடவை இது நன்றாகவே வேலை செய்கிறது. பிறகு அதுவே எதிரி வருவதை முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. மினுக்கினால் நின்று, மினுக்கல் நின்றதும் நடக்கலாம். கொல்லிப்பாவை சிரிப்பதற்கு முன் ஒரு மணி அடித்திருந்தால் அசுரர்கள் இன்றும் மலையில் இருந்திருப்பார்கள்.

இதைவிட ஆழமான ஒரு பிழையும் அந்த விளக்கில் இருக்கிறது. நவீன யுகத்தின் ஒவ்வொரு வசதிக்கும் எங்கோ ஓர் உடல் விலை கொடுக்கிறது என்பதுதான் மாண்டஸ் கதையின் மையம். தட்டில் இருக்கும் இறைச்சிக்கு, மாளிகையின் வெப்பத்துக்கு, இயந்திரத்தின் நீராவிக்கு எல்லாம் கீழே யாரோ அரைபடுகிறார்கள். அந்தக் கதைக்குள் நடக்கும் மனிதரின் கையில் இருக்கும் விளக்கு மட்டும் விலையின்றி எரிகிறது. கதை சொல்வதை விளையாட்டு மறுக்கிறது. மாண்டஸ் கணக்குப் புத்தகத்தால் வாழ்ந்தவர், ஆனால் அவராக நடிப்பவர் ஐந்து மணி நேரத்தில் ஒரு பொருளையும் எண்ணுவதில்லை. முதல் பாகத்தின் எண்ணெய்க் கணக்கு இங்கேதான் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

இயந்திரத்தை மீண்டும் ஓடவைப்பது விளையாடுபவரின் கைதான் என்பது உண்மை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பி ஒவ்வொரு நெம்புகோலாக இழுத்துக் கொலைக்கூடத்தை உயிர்ப்பிப்பது நல்ல கற்பனை. ஆனால் இழுக்காமல் இருக்க வழியில்லை, தயங்க இடமில்லை, இழுத்ததால் இழப்பும் இல்லை. அதனால் குற்றம் மாண்டஸோடு நின்றுவிடுகிறது, நெம்புகோலை இழுத்தவர் மேல் ஒட்டுவதில்லை. இதற்கான கருவி இந்தத் தொடரிலேயே ஏற்கனவே இருந்தது. 2011 இல் இலவசமாக வெளியான அம்னீசியா: ஜஸ்டின் என்ற சிறு விளையாட்டில் மூன்று கைதிகள் வருகிறார்கள். சுலபமான வழியில் கதவைத் திறந்தால் கைதி சாவான். பொறுமையாகத் தேடினால் அவனைக் காப்பாற்றவும் முடியும். அவசரம் யாரைக் கொல்லும் என்பது விளையாடுபவரின் முன்னால் வைக்கப்பட்டது. அதை மெஷின் ஃபார் பிக்ஸ் தொடவே இல்லை.

பன்றி மனிதர்கள்

பன்றி மனிதர்கள் வரும் இடங்கள் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் தூரத்தில், கண்ணாடிக்கும் கம்பிக்கும் அப்பால். சத்தம் போட்டு ஓடி மறைவார்கள். துரத்தும் இடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மாளிகை முழுவதும் மேசை மேலும் சுவரிலும் பன்றி முகமூடிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு முகமூடி போதுமான இடத்தில் இருபது இருந்தால் அவை திகில் பொருட்காட்சியின் சாமான்களாகிவிடுகின்றன.

இவர்களைப் பார்த்தால் பயத்தைவிட இரக்கமே வருகிறது, அது எழுதியவர் விரும்பியதும்கூட. அவர்கள் கொலையாளிகள் அல்ல, கொல்லப்பட்டவர்களின் மிச்சம். இரக்கமும் பயமும் சேர்ந்து வரமுடியும் என்பதற்கு இந்த விளையாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. கதையின் பிற்பகுதியில் பன்றி மனிதர்கள் ஆலையிலிருந்து வெளியேறி லண்டன் தெருக்களில் புகுந்து மக்களைத் தூக்கிச் செல்கிறார்கள். அலறல்களுக்கு நடுவே மாண்டஸ் ஓடுகிறார். திறந்துவிட்டது யார் என்பது விளையாடுபவருக்குத் தெரியும். மொத்த விளையாட்டிலும் கதையும் கைவேலையும் ஒரே இடத்தில் சந்திப்பது அந்தச் சில நிமிடங்களில்தான். அதை மறுமுறை விளையாடுபவர்களும் அந்தப் பகுதியைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

அடுத்த பாகங்களின் வழக்கமான குறையும் இதன் குறையும்

அடுத்த பாகங்கள் பொதுவாகப் பேராசையால் கெடுகின்றன. தமிழில் அண்மை எடுத்துக்காட்டு சந்திரமுகி. பி. வாசு இயக்கிய 2005 படத்தில் பேய் கங்காவின் மனத்துக்குள் இருந்தது, பூட்டிய அறை ஒன்றே போதுமானதாக இருந்தது. அவரே 2023 இல் இயக்கிய சந்திரமுகி 2 இல் பேய் மெய்யான பேயாகி, சண்டையும் கூட்டமும் பெருகின, அச்சம் குறைந்தது. மெஷின் ஃபார் பிக்ஸ் வெளியான அதே 2013 இல், பிப்ரவரியில் வந்த டெட் ஸ்பேஸ் 3 விளையாட்டும் அப்படியே. தனியாக அலைந்து பயந்த விண்கலத்தில் இப்போது கூட ஒரு துணைவரைச் சேர்த்துக்கொள்ளலாம், மனிதப் படைவீரர்களைச் சுடலாம், எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வகை ரவை. முன்பு எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை ரவை மீதி என்று எண்ணியவர்கள் எண்ணுவதை நிறுத்தினார்கள்.

மெஷின் ஃபார் பிக்ஸ் இதற்கு நேரெதிரான பாதையில் போனது. அது எதையும் பெருக்கவில்லை. கண்ணியமான குறைப்பு அது, வணிகக் கணக்கு அதில் இல்லை. அப்படியிருந்தும் டெட் ஸ்பேஸ் 3 வந்து நின்ற இடத்திலேயே அதுவும் வந்து நின்றது. இரண்டிலும் விளையாடுபவர் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டை ஆதரிப்பவர்கள் வலுவான ஒரு வாதம் சொல்வதுண்டு. இதைத் திகில் விளையாட்டாகப் பார்ப்பதே தவறு, ஓர் இறங்குதலின் துயரக் கதையாகப் பார்க்க வேண்டும், பையும் எண்ணெயும் இருந்திருந்தால் வாசிப்பின் ஓட்டம் தடைபட்டிருக்கும் என்பார்கள். டியர் எஸ்தருக்கு இந்த வாதம் பொருந்தும். அந்தத் தீவில் யாரும் துரத்துவதில்லை, நடப்பவர் ஒரு சாட்சி மட்டுமே. மாண்டஸ் சாட்சி அல்ல, செய்தவர். செய்தவராக நடிக்க வைத்துவிட்டுச் செய்ய ஒன்றும் கொடுக்காமல் விட்டதுதான் குறை. வாசிப்பின் ஓட்டம் தடைபடும் என்பதும் அவ்வளவு உறுதியான வாதம் இல்லை. டார்க் டிசென்டில் டேனியலின் நாட்குறிப்புத் தாள் ஒன்றை வாசிக்க வெளிச்சம் உள்ள மூலையைத் தேடிப் போனவர்கள் அந்தத் தாளில் இருந்ததை மறக்கவில்லை.

பின்வந்தவை

ஃப்ரிக்ஷனல் நிறுவனம் அம்னீசியா பெயருக்கு 2020 அக்டோபரில் திரும்பியது. அம்னீசியா: ரீபர்த் 1937 இன் அல்ஜீரியப் பாலைவனத்தில் நடக்கிறது. நாயகி டாசி கருவுற்றிருப்பவர். தீக்குச்சிகளும் விளக்கெண்ணெயும் திரும்பி வந்தன, இருட்டின் அச்சமும் கொஞ்சம் திரும்பியது. ஆனால் அங்கும் கதையே தேரை இழுத்தது. பிடிபட்டாலும் பெரிய இழப்பில்லாமல் விளையாட்டு தொடரும். வரவேற்பு கலவையாகவே இருந்தது.

2023 ஜூன் 6 அன்று வெளியான அம்னீசியா: த பங்கர் வேறு வகை. முதல் உலகப்போரின் பதுங்குகுழி ஒன்றில் ஆன்றி கிளெமான் என்ற பிரெஞ்சு வீரன் அடைபட்டுக் கிடக்கிறான். மாண்டஸ் தன் மகன்களின் சாவைக் கண்ட அதே போர். கூட ஒரே ஒரு மிருகம். அது சுவர்களுக்குள் ஓடும் வளைகளில் இருந்துகொண்டு சத்தம் கேட்டு வரும். விளக்குகள் ஒரு ஜெனரேட்டரால் எரிகின்றன, அதற்கு எரிபொருள் தேடி ஊற்ற வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பொருட்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறிக் கிடக்கும். ஆச்சரியமாக, ஆயுதமும் திரும்பி வந்தது. கைத்துப்பாக்கி ஒன்று, விரல்விட்டு எண்ணும் ரவைகள். சுட்டால் மிருகம் சாகாது, சற்று நேரம் விலகிப் போகும், அவ்வளவுதான்.

ஆன்றியின் கையில் இருக்கும் டார்ச்சுக்குப் பேட்டரி தேவையில்லை. கயிற்றை இழுத்து இழுத்து டைனமோவைச் சுற்றினால் எரியும், சில நொடிகளில் மங்கும். தீராத விளக்கு என்ற வகையில் மாண்டஸின் மின்விளக்குக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் கரகரவென்று ஓசை எழும்புகிறது, அந்த ஓசை சுவருக்குள் கேட்கிறது.